கடுக்காய் போட்டுப் பார்த்த தண்ணீர்

கம்பெனியின் ஒன்பது மணிச் சங்கு ஊதிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. நேரம் இவ்வளவு திட்டமாக நினைவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை நான் தினமும் அந்தச் சங்குக்குத்தான் சரிசெய்து வைப்பேன். அன்றும் முள்ளைத் திருப்பி வைத்தேன், பிள்ளைகளின் சிலேட்டுகளை எடுத்து அடுக்கினேன், முதல் மணி அடிக்க முற்றத்தில் இறங்கினேன். மணிக்கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கால்வாய்ப் பக்கமிருந்து பெண்பிள்ளைகள் அலறும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர் மண்டைக்காட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், கடலை ஒட்டிக் கிடக்கிறது. கடற்கரை முழுவதும் கரிமணல். அதை வாரிக் கழுவி, காந்தத்தில் ஓட்டிப் பிரித்து, மூட்டை கட்டிக் கப்பலேற்றும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று கால்வாய்க் கரையில் இருந்தது. ஊரின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. பயந்து அல்ல. எழுத வேண்டிய இடத்தில் ஒரு முறை எழுதிவிட்டேன், அது போதும்.

பள்ளிக்கூடம் கால்வாய்க்குக் கடல் பக்கம். என் வீடும் இன்னும் பல வீடுகளும் அக்கரையில். மாசிக் கொடைத் திருவிழா முடிந்து கோடை மழை வரும்வரை கால்வாயில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது. பாலம் அரை மைல் தள்ளி. ஆகையால் அக்கரைப் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே கடப்பார்கள். பெரிய பிள்ளை ஒருத்தி நடுத் தண்ணீரில் நின்று சின்னதுகளைக் கைபிடித்துக் கடத்திவிட வேண்டும் என்று விதி போட்டவள் நான். அந்த வேலையை என் மகளுக்குக் கொடுத்தவளும் நான். அவளுக்கு அப்போது பத்து வயது. மற்றவர்கள் இருபது அடி எடுத்து வைத்துக் கரையேறிவிடுவார்கள். அவள் கடைசிப் பிள்ளை ஏறும்வரை தண்ணீரில் நிற்பாள்.

நான் ஓடிப்போனபோது ஏழு பிள்ளைகளும் கரைக்கு வந்திருந்தார்கள். சிலர் மணலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் குதித்தார்கள். சற்றுத் தள்ளிக் கதம்பை அழுகப்போடும் பெண்களும் தண்ணீரை விட்டு ஏறி நின்று முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். தேங்காய் மட்டையைத்தான் நாங்கள் கதம்பை என்கிறோம். அதைக் கயிற்று வலையில் கட்டிக் கால்வாயில் ஆழ்த்தி, பல மாதம் ஊறவிட்டு, பிறகு அடித்து நார் எடுப்பார்கள். அந்தப் பெண்களில் மூத்தவளை ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"சொறி எறங்கியிருக்கு டீச்சரே," என்றாள் அக்கா. "கடலு பொங்கிச்சுல்லா, அதுல உள்ள ஏறி வந்திருக்கும்."

சொறி என்பது கண்ணாடிக் குமிழ் மாதிரி மிதந்து வரும் கடற்பிராணி. மேலே பட்டால் நெருப்பாக எரியும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கடல் பொங்கும்போது கால்வாய்க்குள்ளும் வந்துவிடும். கடற்கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அதற்கான கைவைத்தியம் தெரியும். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுப் படக் கூடாது, பட்டால் விஷம் ஏறும். பிள்ளை நின்ற அதே உப்புத் தண்ணீரைக் கோரி ஊற்றி, ஈர மணல் வைத்துத் தேய்க்க வேண்டும். எரிச்சல் கூடித்தான் குறையும், பொறுக்க வேண்டும். நான் படித்தவள், பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடம் எழுதித் தேறியவள். ஆனாலும் கடற்கரைக்காரி.

நான் ஊற்றினேன். அக்காவின் தோண்டியை வாங்கிக் கால்வாய்த் தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றினேன். ஈர மணலை அள்ளி என் மகளின் கணுக்காலில் வைத்துத் தேய்த்தேன்.

"அம்மா, கூடுது," என்றாள்.

"அது அப்பிடித்தான் மக்கா. கூடித்தான் குறையும். பொறு."

"குறையல்லியே அம்மா."

"பேசாதே இரு."

அவள் பேசாமல் இருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. பன்னிரண்டு தோண்டி ஊற்றினேன். அடிப்பதற்கு மணி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. மற்றப் பிள்ளைகளின் தாய்மாரும் வந்து அதையேதான் செய்தார்கள்.

நண்பகலுக்குள் மடவை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கத் தொடங்கின. சொறி மீனைக் கொன்று நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குள் வந்து மகளின் காலைப் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றிக் கொப்புளம். நான் மணல் வைத்துத் தேய்த்த இடத்தில் தோல் சுருண்டு வந்தது.

மாட்டு வண்டி பிடித்து அரசு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். கம்பவுண்டர் வயதானவர். காலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவன் சொன்னான் சொறின்னு? இது வெந்த காலு. எந்தத் திராவகத்துல காலு வச்சு சவுட்டிச்சு?"

"கால்வாய்லதான் எறங்கினா. ஒடனே கால்வாய்த் தண்ணிய ஊத்தினோம்."

"நல்ல தண்ணி ஊத்தல்லியா?"

"இல்லை."

"கொஞ்ச நேரமாவது?"

"இல்லை," என்றேன்.

அவர் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, காலைக் கழுவத் தொடங்கினார்.

என் கணவர் அந்தக் கம்பெனியில்தான் மேஸ்திரி. ஐந்து மணிச் சங்குக்கு வீட்டுக்கு வந்தார். துணி சுற்றிய காலைப் பார்த்தார், நிலைப்படியில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன மணிக்கு?"

"ஒம்பது பத்துக்கு."

பிறகுதான் சொன்னார். அந்த ஆண்டு கம்பெனியில் புதிதாக ஒரு வேலை தொடங்கியிருந்தார்கள். மணலின் ஒரு வகையைச் சிமெண்டுத் தொட்டிகளில் போட்டு, கந்தகத் திராவகத்தில் ஊறவைத்துக் கழுவுவது. வைக்கோல் பொதிந்த கூடைகளில் பெரிய கண்ணாடி ஜாடிகள் வள்ளத்தில் வந்து இறங்கியதை நானும் பார்த்திருந்தேன். என்னவென்று கேட்கவில்லை. கழுவி முடிந்த கழிவை எங்கே விடுவது என்று எவரும் யோசித்திருக்கவில்லை. ஒன்பது மணிச் சங்குக்குத் திறந்துவிடு என்று துரை சொன்னாராம். கம்பெனிச் சுவருக்குள்ளிருந்து ஒரு செங்கல் ஓடை வந்து, பிள்ளைகள் கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே கால்வாயில் விழும். அதன் உள்முனையில் ஒரு மரப்பலகை மதகு.

"பலகையைத் தூக்கினது நான்," என்றார்.

பலகையைத் தூக்கியது அவர் கை, தண்ணீரைக் கோரி ஊற்றியது என் கை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அன்று கஞ்சி குடித்தோம். மகள்தான் பேசிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சின்னதுகளைக் கடத்திவிட யார் நிற்பார்கள் என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் கம்பெனியில் கணக்கு எழுதும் ரைட்டர் கரைக்கு வந்தார். திருவனந்தபுரத்துப் பக்கத்து மனிதர். வெள்ளைச் சட்டை, காலில் பூட்ஸ். களிம்பு டப்பா ஏழும் ஒரு தகரம் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார். ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"கம்பெனியில இருந்து மணல் கழுவின வெள்ளம் அல்லாதெ வேறொண்ணும் வரல்லை. இது சொறி கடிச்சதுதான். எல்லா வருஷமும் உள்ளதல்லே?" அவர் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

அக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "சொறி இப்பம் மீனையும் கடிக்கத் தொடங்கியாச்சா சாரே? பாவம், அதுக்கும் ஒரு டப்பா களிம்பு குடுத்துட்டுப் போங்க."

பெண்கள் சிரித்தார்கள். ரைட்டரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், குரலைத் தாழ்த்தவில்லை.

"டீச்சரே, பிள்ளைகளுக்கு ஒரு ஆபத்து வந்தப்போ நல்ல வெள்ளம் ஊத்தாதெ கால்வாய் வெள்ளம் கோரி ஊத்தினது யாராக்கும்? சர்க்காருக்கு எழுதுகதானெங்கில் அதையும் எழுதணுமல்லோ. மேஸ்திரி பலகையைத் தூக்கினதையும் எழுதணும். குடும்பத்தோட எழுதணும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஆளிடம் பதில் சொல்லாமல் வந்ததற்காக இன்றைக்கும் என் காது மடல் சூடாகிறது. ஆனால் அன்று அவர் எனக்குச் செய்த உபகாரம் ஒன்று உண்டு. எங்கள் வாயை எதைக் கொண்டு அடைக்கலாம் என்று நம்புகிறார்கள் என்பதை அவரே சொல்லிவிட்டுப் போனார். நான் அறியாமல் செய்தேன். என் கணவர் ஏவியதைச் செய்தார். திராவகத்தை அறிந்து வாங்கியவன், அறிந்து தொட்டியில் நிரப்பியவன், அறிந்து திறக்கச் சொன்னவன் வேறு. அவனுடைய குற்றத்தை என் வீட்டு நிலைப்படியில் இறக்கி வைத்துவிட்டுப் போக நான் விடப்போவதில்லை என்று, மகளின் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே முடிவு செய்தேன்.

ஆனால் சொறி இல்லை, திராவகம்தான் என்பதற்கு என்ன சாட்சி? கம்பவுண்டர் எழுதித்தர மறுத்துவிட்டார். கால்வாய்த் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. அது வருத்திய பிள்ளைகளின் கால்களைத் தவிர எங்களிடம் வேறொன்றும் இல்லை.

சாட்சி வந்தது கதம்பையிலிருந்து. சனிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். ஊறியிருந்த ஒரு வலைக் கட்டைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். வழக்கமாக அதிலிருந்து வடிவது பால் விடாத கட்டன் காப்பி நிறத்தில் இருக்கும். அன்று வடிந்து மணலில் ஓடியது கன்னங்கறுப்பு. ஊதாச் சாயல் அடிக்கிற கறுப்பு.

"எட்டு மாசம் கெடந்த கதம்பை. நாரு பொன்னு போல வரும்னு இருந்தேன். இப்பம் பாத்தியளா, கரியைப் பூசினது மாதிரி. எவன் வாங்குவான் இத?" என்றாள் அக்கா.

நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த கறுப்பு. ஒவ்வொரு பருவமும் பள்ளிக்கூடத்துக்கு மை காய்ச்சுகிறவள் நான். கடுக்காயை இடித்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் மஞ்சளாக ஒரு துவர்ப்புச் சாறு இறங்கும். அதில் அன்னபேதியைக் கரைத்தால் அந்த நொடியே கறுத்துவிடும். அன்னபேதி என்பது இரும்பைத் திராவகம் தின்று மிஞ்சுகிற உப்பு. கதம்பைத் தண்ணீரில் துவர்ப்பு இருக்கிறது. கரிமணலில் இரும்பு இருக்கிறது. நடுவில் திராவகம் வந்தால்தான் அந்த இரும்பு கரைந்து ஓடிவரும்.

அன்றைக்கே கடுக்காய் காய்ச்சினேன். பள்ளியிலிருந்த நான்கு கண்ணாடி மைக்கூடுகளைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். ஒன்றில் கம்பெனி ஓடைக்கு மேலே கோரிய கால்வாய்த் தண்ணீர். இரண்டாவதில் ஓடைக்குக் கீழே கோரியது. மூன்றாவதில் அக்கரைக் கிணறு, அதாவது கால்வாயை ஒட்டியிருந்த, பதினைந்து வீடுகள் குடிக்கிற கிணறு. நான்காவதில் எங்கள் வீட்டுக் கிணறு. ஒவ்வொன்றிலும் பத்துத் துளி கடுக்காய்ச் சாறு விட்டேன். அக்காவும் நான்கைந்து பெண்களும் தலையோடு தலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் கூடு மஞ்சளாகவே இருந்தது. இரண்டாவது உடனே கறுத்தது. நான்காவது மஞ்சள். மூன்றாவதில் ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விட்டோம். பிறகு அதன் அடியில் லேசாக ஒரு நீலம் படர்ந்து, மெல்ல மெல்ல மேலே ஏறியது.

"அது நாங்க குடிக்க கெணறுல்லா," என்றாள் ஒருத்தி.

அக்காதான் அந்த மைக்கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரைட்டரு வரட்டும். அவருக்கு இதுல ஒரு காப்பி போட்டுக் குடுப்போம்," என்றாள்.

நான் இரண்டாவது கூட்டைக் கொட்டவில்லை. அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கோரி வந்து, சாறு கூட்டிக் காய்ச்சிக் குறுக்கினேன். கருவேலம் பிசின் சேர்த்தேன். கடையில் அன்னபேதி வாங்கவில்லை. அன்னபேதி கம்பெனி கொடுத்தது. அந்த மையைத் தொட்டுத்தான் திவானுக்கும் மராமத்து இலாகாவுக்கும் விண்ணப்பம் எழுதினேன். கடைசிப் பத்தி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "இந்த எழுத்துகள் வாசிக்கக்கூடிய அளவு கறுப்பாக இருக்கின்றன என்பதே எங்கள் சாட்சி. இந்த மையில் கடுக்காயும் பிசினும் கம்பெனியின் தண்ணீரும் தவிர வேறு எதுவும் சேர்க்கப்படவில்லை." ரைட்டர் கேட்டபடி, கால்வாய்த் தண்ணீரை ஊற்றியது நான்தான் என்றும், பலகையைத் தூக்கியது என் கணவர் என்றும் அதில் எழுதினேன். எங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதினோம், மற்றவர்களும் எழுதட்டும் என்று முடித்தேன். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் அதே மையில் பெருவிரலை முக்கி வைத்தார்கள். அஞ்சலில் சேர்த்தேன்.

பதில் வரவில்லை. கிணற்றுக்கு மேல் ஓலை போட்டு மூடிவிட்டு, பெண்கள் தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். பிள்ளைகளைப் பாலத்தைச் சுற்றி வரச் சொன்னேன். மகள் வரவில்லை. அவளால் காலை ஊன்ற முடியவில்லை. இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். இடது கணுக்கால் முழுவதும் மடங்குவதில்லை, வேகமாக நடக்கும்போது தெரியும். அவள் குளிக்கப் போனால் நான் முன்னால் போய்த் தண்ணீரை முகர்ந்து பார்க்கிறேன். அவளுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

விண்ணப்பம் போய் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"தொட்டி நெறஞ்சாச்சு. வியாழக்கிழமை, திரும்பவும் ஒம்பது மணிக்கு."

"நீங்கதான் தூக்கணுமா?"

"நான் தூக்கலேன்னா வேற ஒருத்தன் தூக்குவான். நான்னா எனக்கு நேரமாவது தெரியும்." பிறகு என்னைப் பார்த்தார். "ஒனக்கும் தெரியும்."

அவர் பன்னிரண்டு ஆண்டு கம்பெனிச் சோற்றைத் தின்றவர். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு செலவானது என்று எனக்குத் தெரியும். நான் நேரே அக்காவிடம் போனேன்.

அக்கா கேட்டுவிட்டு, கரையில் கிடந்த கறுத்த கதம்பைக் குவியலைப் பார்த்தாள்.

"இது எதுக்கும் ஆவாதுன்னுல்லா நெனச்சேன்," என்றாள்.

புதன்கிழமை மதியம் பதினெட்டுப் பெண்கள் ஓடையின் வாய்க்கு வந்தார்கள். செங்கல் ஓடை கால்வாயில் விழும் இடம் இரண்டு பாக அகலம்தான், இரண்டு பேர் கை விரித்து நின்றால் அடைந்துவிடும். கதம்பையைத் தண்ணீருக்குள் மிதக்காமல் ஆழ்த்துவது அவர்கள் பிறந்தது முதல் செய்கிற வேலை. கயிற்று வலையில் கதம்பையை இறுக்கிக் கட்டினார்கள். ஒவ்வொரு கட்டும் ஒரு கன்றுக்குட்டி அளவு. காய்ந்த ஓடைக்குள் கட்டுகளைக் குறுக்காக வைத்து, இடுக்கில் சேற்றை அடித்து, மேலே இன்னொரு வரிசை, அதற்கு மேல் சேறு, அதற்கு மேல் கல். கால்வாய்த் தண்ணீரில் ஒருத்தியும் இறங்கவில்லை. சேற்றைக் கூட ஓடைக்கு மேல்புறத்திலிருந்து கூடையில் சுமந்து வந்தார்கள். நானும் சுமந்தேன். இரண்டாவது கூடையிலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"டீச்சரே, நீங்க அங்கண இருந்து பேரு கூப்பிடுங்க. வராதவளுக்கு ஆப்சென்ட் போடுங்க," என்றாள் ஒருத்தி.

ரைட்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். "இது சர்க்கார் கால்வாயில் தடங்கல் செய்கிற குற்றமாக்கும். அறியுமோ?"

"கதம்பை அழுகப்போடுகோம் சாரே," என்றாள் அக்கா, நிமிர்ந்தும் பார்க்காமல். "எல்லா வருஷமும் உள்ளதல்லே?"

வியாழக்கிழமை பள்ளிக்கு வந்த பிள்ளைகளைச் சுவருக்குள் உட்கார வைத்து, ஒருத்தியும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடைக்கரைக்குப் போனேன். பெண்கள் முன்னதாகவே வந்திருந்தார்கள். ஒன்பது மணிச் சங்கு ஊதியது. உள்ளே பலகை உயரும் கிறீச்சொலி கேட்டது. அதைத் தூக்குகிற கை எது என்று எனக்குத் தெரியும். வெளிறிய பச்சை நிறத்தில் தண்ணீர் ஓடையில் இறங்கி வந்தது. மூக்கில் ஏறும் நெடி. கதம்பைக் கட்டில் மோதியது. நின்றது. நுரைத்துக்கொண்டு உயர்ந்தது. கட்டின் மேல் வரிசையை அது தொட்டது. நாங்கள் கட்டியது உடைந்தால் ஒரேயடியாகப் போய் விழும். அதற்கும் நானே காரணமாவேன்.

உடையவில்லை. தண்ணீர் வந்த வழியே பின்னுக்கு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு உள்ளே கூச்சல் கேட்டது. காயப் போட்டிருந்த மணல் நனைகிறது, மூட்டைகளைத் தூக்கு, என்று ஒரே அமளி. துரையின் குரல் கேட்டது, பலகையைப் போடச் சொல்லி. பலகை விழுந்தது. மிஞ்சியிருந்த தண்ணீர் ஓடைக்குள்ளேயே தேங்கிக் கிடந்தது. கால்வாயில் ஒரு மீன் துள்ளியது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. அக்கா மட்டும் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைத்தாள்.

அன்றைக்கே கம்பெனி ஆள் அனுப்பி மராமத்து இலாகாவில் புகார் கொடுத்தது. சர்க்கார் கால்வாயில் பெண்கள் தடங்கல் ஏற்படுத்தியிருக்கிறார்கள், உடனே அகற்ற வேண்டும் என்று. எங்கள் விண்ணப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதமாக வராத ஆள் கம்பெனியின் புகாருக்கு நான்காம் நாளே வந்துவிட்டார். சைக்கிளில் வந்த ஓவர்சீயர். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. கையில் குடை, கக்கத்தில் சுருட்டிய வரைபடம், பின்னால் ஓட்டமும் நடையுமாக அளவுச் சங்கிலி சுமக்கும் ஆள். ரைட்டர் அவருக்குக் குடை பிடிக்காத குறைதான்.

"வந்தாச்சு, நம்மளப் பிடிச்சுக்கொண்டு போக," என்று அக்கா புடவையை இழுத்துச் செருகினாள். நாங்கள் எல்லோரும் ஓடையின் வாய்க்கு முன்னால் போய் நின்றோம். என் கணவர் அன்று வேலைக்குப் போயிருக்கவில்லை. போக வேண்டாம் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

ஓவர்சீயர் எங்களோடு பேசவில்லை. கரையோரமாகக் கீழே வெகுதூரம் நடந்து போனார். திரும்பி வந்தார். மகளின் காலை ஒரு முறை பார்த்தார். பிறகு வரைபடத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துக் குந்தி உட்கார்ந்தார். சங்கிலியால் பாலத்திலிருந்து அளக்கச் சொன்னார். விரலால் படத்தில் தேடினார். மூன்று முறை தேடினார்.

"ஓய் ரைட்டரே, இதுல உங்க ஓடை எங்க இருக்கு? காட்டும்."

ரைட்டர் குனிந்தார். "அது பண்டே உள்ளதாக்கும்."

"பண்டே உள்ளதுன்னா பண்டே படத்துல இருக்கணும்லா. இந்தக் கால்வாய்ல ஒரு படித்துறை, ஒரு மதகு விடாம எல்லாம் இதுல இருக்கு. இங்க வெறும் கரைதான் இருக்கு. சர்க்கார் கரையை வெட்டினது யாரு?"

ரைட்டர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "புகார் தடங்கலைப் பத்தியல்லோ..."

"எதுக்குத் தடங்கல்? இல்லாத ஓடையை அடைச்சாங்கன்னு நான் எப்பிடி ஓய் எழுத?"

அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். எங்கள் நடுவே வழி கேட்டு வந்து, கதம்பைக் கட்டுகளைக் குடை முனையால் ஒவ்வொரு வரிசையாகக் குத்திப் பார்த்தார். சேற்றை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"யாரு கட்டினது?"

"நாங்கதான்," என்றாள் அக்கா. "கொண்டு போணும்னா எல்லாரையும் சேத்துக் கொண்டு போங்க. தனியா ஒருத்தியும் வர மாட்டோம்."

அவர் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரின் மட்டத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"கட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒசரம் காணாது, மேல இன்னும் ஒரு வரிசை வேணும்," என்றார். "கோடை மழை வருகதுக்குள்ள போட்டிருங்கம்மா."